பிரபின் தேடியவை

மணவாளக்குறிச்சி
18.3.2024

அய்யா துணை

அன்பு மகள் ஆதிராவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பூனாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். பிரபின் போன பிறகு போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. நீ 'அப்பா, அப்பா' என்று கூப்பிடுவது கேட்கிறது. 'ம்' என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. மாப்பிள்ளையும் பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் என்ன நினைப்பார்? எழுதினால் வருகிறது. முப்பத்தொரு வருஷம் மணல் ஆலை ஸ்டோரில் எழுதிய கை.

பிரபினுடைய போன் என்னிடம்தான் இருக்கிறது. பைக் நொறுங்கியும் போனுக்கு ஒரு கீறல்தான். அதைத் திறக்கிற கோடு எனக்குத் தெரியும், சாப்பிடும்போது என் எதிரில்தானே போட்டுக்கொண்டிருப்பான். தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். 'பிரபின் சார் இருக்காரா' என்று கடன் தருகிறவர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் கூப்பிடுகிறார்கள். இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இறந்துவிட்டான் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அதில் ஒரு அறிவிப்பு வந்தது. தொட்டதும் ஒரு பட்டியல் திறந்தது. அவன் இன்டர்நெட்டில் தேடியதெல்லாம் நாள், மணி, நிமிஷத்தோடு இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும். சுறாப் புட்டு செய்வது எப்படி. பைக் செயினில் துரு போக என்ன செய்வது. நிச்சயத்துக்குப் பெண்ணுக்கு எந்த நிறச் சேலை. அந்தச் சேலைக்காக ஒரு ராத்திரி முழுவதும் பார்த்திருக்கிறான். ரேஷ்மியிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுப் போகிறாள். அந்தக் கல்யாணம் ஆவணியில் நடக்க வேண்டியது.

ஒரு நாளைக்கு ஒரு வாரம் வீதம் படிக்கிறேன். போன ஏப்ரலிலிருந்து தொடங்கி இப்போது செப்டம்பரில் இருக்கிறேன். மெதுவாகப் படித்தால் கொஞ்ச நாள் வரும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா
சு. குமாரதாஸ்


புனே
27.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு ஆதிரா வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மாத்திரை எது, எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். நீங்கள் காலையில் நடக்கப் போவதை நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னாள். நிறுத்த வேண்டாம்.

அப்பா, அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டாம். தயவுசெய்து. அது அவனுடைய சொந்த விஷயம். ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து மனதுக்குள் கேட்டுக்கொள்வதுதான் அது. யாரும் பார்க்கவில்லை என்று நம்பித்தான் கேட்கிறோம். நம்முடைய பிள்ளை என்பதற்காக அதை நாம் பார்க்கக் கூடாது. தேடித் தருகிற கம்பெனி அதையெல்லாம் சேர்த்துவைத்து இவன் இன்னார், இதை வாங்குவான் என்று முடிவு கட்டுகிறது. அது கட்டிவைத்திருக்கிற ஆள் பிரபின் இல்லை.

அழிக்கும் முறையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று படமும் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை. கிடைத்த அன்றே செய்துவிடுங்கள்.

இனிக் கடிதங்களை உறையில் எழுதியுள்ள, நான் வேலை பார்க்கும் பள்ளி முகவரிக்கே போடுங்கள். எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டி, காணாமல் போகிறது.

அன்புடன்
ஆதிரா


மணவாளக்குறிச்சி
9.4.2024

அய்யா துணை

அன்பு மகளுக்கு,

இங்கே வெயில் அதிகம். அம்மா மாத்திரை சாப்பிடுகிறாள். அங்கே உங்கள் உடம்புக்குக் குறைவொன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை என்றுதான் முதலில் எழுத இருந்தேன். இப்போது அதற்கு வேறு காரணம் வந்துவிட்டது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

டிசம்பர் மாதத்துக்கு வந்தேன். இருபத்தைந்தாம் தேதியிலிருந்து எட்டு நாள். அவன் தேடியதை அப்படியே எழுதுகிறேன்.

கன்றிப்போன காயம் எத்தனை நாளில் மறையும்.
முகத்தில் உள்ள காயத்தை மறைக்க என்ன பூச வேண்டும்.
பெண்ணை அடித்தால் எத்தனை வருஷம் தண்டனை.
மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் உடனே கைது செய்வார்களா.
கொடுத்த புகாரைத் திரும்பப் பெற முடியுமா.

இந்தக் கடைசிக் கேள்வியை நாலு தடவை கேட்டிருக்கிறான். நீ வந்திருந்த நாட்கள்தாம் அவை. கடைசி இரண்டு நாள் மாப்பிள்ளையும் வந்து இருந்தார். நாமெல்லாம் வட்டக்கோட்டைக்குப் போன அன்றைக்குக்கூட மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு ஒன்று இருக்கிறது. நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன் இடையில் இதைத் தேடியிருக்கிறான்.

இன்னொரு பக்கத்தில், கம்பெனி அவனைப் பற்றி என்ன நினைக்கிறது என்று போட்டிருக்கிறது. ஆண், வயது இருபத்தைந்திலிருந்து முப்பத்துநாலுக்குள். விருப்பங்கள்: கிரிக்கெட், பைக், பேட்டரி, சட்ட உதவி, குடும்பப் பிரச்சினை. அதற்குக் கீழே, திருமணமானவர் என்று போட்டிருக்கிறது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இப்போதும் அந்தப் போனில் வக்கீல்களின் விளம்பரம்தான் வருகிறது.

அவன் யாரோ ஒரு பெண்ணை அடித்திருக்கிறான் ஆதிரா. வேறு என்ன அர்த்தம்? அவனுக்கு மனம் சரியில்லாமல் இருந்து, அந்த நினைப்பில்தான் அன்றைக்குக் காலை லாரி வருவதைப் பார்க்காமல் போனானோ என்னவோ.

அந்தப் பெண் ரேஷ்மியாக இருந்தால் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடித்தவன் வீட்டுக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போவது சரியில்லை. நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? உன் பதில் வந்த பிறகு போகிறேன்.

அப்பா


மணவாளக்குறிச்சி
5.5.2024

அய்யா துணை

ஆதிராவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. இரண்டு தடவை போனில் பேசியபோதும் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் நான் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா அப்படியே இருக்கிறாள்.

இருபத்தைந்து நாள் பார்த்துவிட்டு நேற்று நெய்யூருக்குப் போனேன். ரேஷ்மி லேபில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவளுடைய அம்மா டீ போட உள்ளே போனாள். மறுபடி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

"மக்களே, எனக்க மகன் உன்ன கை நீட்டி அடிச்சிருக்கானா?"

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"எங்கிட்ட அவரு கோவமா ஒரு சொல்லு பேசுனது கெடையாது மாமா. எதுக்கு இப்பிடிக் கேக்கிய?"

நான் போனை எடுத்துக் காட்டினேன். அப்போது காட்டியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அவள் வாங்கிப் பார்க்கவில்லை, என் கையில் இருந்தபடியே குனிந்து அந்த ஐந்து வரியைப் படித்தாள். பிறகு, "அப்ப வேற யாரு மாமா?" என்றாள்.

அவளுடைய அம்மா டீ கொண்டுவந்தாள். குடித்தேன். இந்த வருஷம் மாங்காய் காய்ப்பைப் பற்றி ஏதோ பேசினோம். எழுந்து வரும்போது ரேஷ்மி வாசல்வரை வரவில்லை. வழக்கமாக வருவாள்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நீ எழுதியிருந்தால் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

அப்பா


புனே
20.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். ஏப்ரல் மத்தியிலேயே பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டதால் உங்கள் கடிதங்கள் இரண்டும் ஆபீசில் கிடந்திருக்கின்றன. இன்று ஒரு வேலையாக வந்தபோதுதான் கைக்குக் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

ரேஷ்மியிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். பிரபின் அப்படிப்பட்டவன் இல்லை. அது உங்களுக்கே தெரியும். கூட வேலை பார்க்கிறவர்கள் யாருக்காவது பார்த்துக் கொடுத்திருப்பான். அவன் நண்பன் பெனிட்டோ அந்தப் போனைத்தானே எப்போதும் எடுத்து நோண்டிக்கொண்டிருப்பான். இதை இதோடு விடுங்கள். அழித்துவிடுங்கள் அப்பா.

அம்மாவின் சர்க்கரை அளவை எழுதவில்லையே.

ஆதிரா


மணவாளக்குறிச்சி
3.6.2024

அய்யா துணை

ஆதிராவுக்கு,

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் நூற்று அறுபது. பரவாயில்லை என்கிறார்கள். மழை தொடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு என்று போனில் சொன்னார். சந்தோஷம்.

நீ எழுதியபடி பெனிட்டோவைப் போய்ப் பார்த்தேன். கடலில் மீன்பிடித் தடை என்பதால் அவனுடைய அப்பாவும் அண்ணனும் வீட்டில் இருந்தார்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கேட்டேன். அவன் எதையும் தேடவில்லை என்றான். சிலுவை மேல் சத்தியம் செய்தான். அதற்கு மேல் அவன் சொல்ல விரும்பவில்லை. நான்தான் விடவில்லை.

"ஜனவரி கடைசியில நாகர்கோவில்ல ரெண்டு ரூம் உள்ள வீடு ஒண்ணு பாத்துத் தரச் சொன்னான் மாமா. ஒரு ஆள கூட்டிட்டு வரணும், வீட்டுல இப்ப தெரியக்கூடாதுன்னான். பொம்பளையான்னு கேட்டேன். ஆமான்னான். யாருன்னதுக்கு, இப்ப ஒண்ணும் கேக்காதன்னு சொல்லிட்டான்."

நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. போதும் என்று ஆகிவிட்டது. கம்பெனி அவனைத் திருமணமானவன் என்று போட்டது சும்மா இல்லை.

ரேஷ்மி ஒரு மாதமாக வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அவளுடைய தாய்மாமன் வந்து நிச்சய மோதிரத்தையும் சேலையையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா ஏன் என்று கேட்டாள். வேறு இடம் பார்க்கிறார்கள், அதுதான் முறை என்று சொன்னேன். நம்பிவிட்டாள்.

அன்றைக்குப் பிரபின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஆணி துருப்பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறாள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பெற்று வளர்த்து இருபத்தொன்பது வருஷம் பக்கத்தில் வைத்திருந்தவனை எனக்குத் தெரியாது என்பது மட்டும் தெரிகிறது.

அந்தப் பட்டியலில் கடைசியாக, ஜனவரி இருபத்தெட்டில், பூனா வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். உன்னிடம் வர நினைத்தானா? உன்னிடமாவது ஏதாவது சொன்னானா? உண்மையை எழுது.

அப்பா


புனே
17.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அந்த ஐந்து வரிகளும் பிரபினுடையவை அல்ல. என்னுடையவை. நான்தான் அவனுடைய போனில் தேடினேன்.

ரதீஷ் என்னை அடிப்பார். மூன்று வருஷமாக. அடிக்கடி இல்லை. எப்போது என்று தெரியாது, அதனால் எல்லா நாளும் அதையே நினைத்துக்கொண்டு இருப்பேன். போன அக்டோபரில் ஒரு தடவை என் போனிலேயே வக்கீல் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். என் போன், அவர் போன், வீட்டு டிவி எல்லாம் ஒரே கணக்கில்தான் இருக்கின்றன, எல்லாம் அவர் போட்டுக் கொடுத்ததுதான். மறுநாள் அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது இடையில் விவாகரத்துக்கு ஆலோசனை என்று விளம்பரம் வந்தது. முதல் தடவை அவர் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை டிவியை நிறுத்திவிட்டு, "இது எதுக்கு நம்ம வீட்டுல வருது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். என் போனை வாங்கி எல்லாவற்றையும் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் போனில் சாம்பார்ப்பொடிகூடத் தேடியதில்லை. தேடினால் அவருக்குத் தெரியும். நான் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

டிசம்பரில் ஊருக்கு வந்தபோது பிரபினுடைய போன் மேசையில் கிடந்தது. திறக்கிற கோடு எனக்கும் தெரியும், அதை எடுத்தேன். பக்கத்தை மூடினால் போய்விடும் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு அது தெரியவில்லை.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் படித்த பட்டியலை அவன் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. விளம்பரம் அவனுக்கும் வந்திருக்கிறது. ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி இடைவேளை நேரத்தில் பள்ளி போனுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்க போன்ல வக்கீலு விளம்பரமா வருது. காயத்துக்குத் தேய்க்கிற மருந்து வருது. நா இதொண்ணும் தேடல்ல. நீ வந்துட்டுப் போன பெறவுதான் வருது."

நான் சிரித்தேன். உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, அதுதான் இப்போதே வக்கீல் வருகிறார் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நா கேக்கல்ல. பத்தாம் தேதி வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். ஒரு பெட்டியில துணிய மட்டும் எடுத்து வச்சுக்கோ. அப்பாட்ட பெறவு சொல்லலாம்."

வராதே, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நாலாம் நாள் அவன் இல்லை. பெனிட்டோவிடம் வீடு பார்க்கச் சொன்னது எனக்காக. கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றது என்னை.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ரதீஷ்தான் உங்களோடு சேர்ந்து அவனைத் தூக்கினார். பதினாறு நாளும் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவர் தோளில்தான் சாய்ந்திருந்தீர்கள். உங்களுக்கு அதையும் இல்லாமல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. பிறகு உங்கள் ஏப்ரல் கடிதம் வந்தது. அது பதினைந்தாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது அப்பா. விடுமுறை என்று நான் எழுதியது பொய். ரேஷ்மியிடம் போகப் போகிறீர்கள் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அவன் இறந்துவிட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். பெனிட்டோ மேல் பழி போட்டதும் நான்தான்.

இந்தக் கடிதத்தை ரேஷ்மியிடம் காட்டுங்கள். படத்தைத் திரும்ப மாட்டுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஆதிரா


மணவாளக்குறிச்சி
26.6.2024

அய்யா துணை

மக்களே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. படத்தை மாட்டிவிட்டேன். ஆணி மாற்றியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

டிசம்பரில் உன் கண்ணுக்குக் கீழே இருந்ததை நானும் பார்த்தேன். குளியலறையில் வழுக்கியது என்றாய். பூனாவில் குளியலறைக்கு நல்ல தரை போட மாட்டார்களா என்று கேட்டேன். மாப்பிள்ளைகூட, வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்கிறேன் மாமா என்றார். வட்டக்கோட்டையில் மதில் ஓரமாக உட்கார்ந்து பிரபினுடைய போனை நீ வைத்திருந்தாய். கடலைப் படம் எடுக்கிறாய் என்று நினைத்தேன். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. எங்கேயோ கிடக்கிற கம்பெனியை நம்பி என் மகனைச் சந்தேகப்பட்டேன்.

ரேஷ்மியைப் போய்ப் பார்த்தேன். உன் கடிதத்தைக் கையில் எடுத்துப் போகவில்லை. அது எனக்கு எழுதியது. வாயால் சொன்னேன். உன் பெயரைச் சொல்லாமல் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் "சரி மாமா" என்றாள். போனை நீட்டி, இதில் உன்னைப் பற்றி அவன் தேடியதெல்லாம் இருக்கிறது, பார் என்றேன். வாங்கவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பெனிட்டோவிடமும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

முந்தாநாள் மாப்பிள்ளை போனில் வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது மாமா என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் அன்றைக்கு உனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அதனால் நன்றாக இருக்கிறது என்றேன்.

நீ சொன்னால் நாளைக்கே வண்டி ஏறுகிறேன். வீட்டுக்கு வர மாட்டேன், பள்ளிக்கு வருகிறேன். பெட்டிகூட வேண்டாம்.

அப்பா


புனே
15.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம், நானே வருகிறேன். அம்மாவைத் தனியாக விடாதீர்கள்.

ஐந்தாம் தேதி பள்ளிக்கு வந்தவள் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. இங்கே ஜெபகுமாரி என்று நம் ஊர்ப் பக்கத்துக் கருங்கல்காரி ஒரு டீச்சர் இருக்கிறாள். அவளோடு பள்ளிக் குடியிருப்பில் தங்கியிருக்கிறேன். எதையும் எங்கும் தேடவில்லை அப்பா. அவளிடம் வாயால் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் நடந்தே கூட்டிக்கொண்டு போனாள். நான் டிசம்பரில் கேட்ட சட்டக் கேள்விகள் மூன்றுக்கும் அந்த அம்மா பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார். எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. என் பெயரைக்கூடக் கடைசியில்தான் கேட்டார்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். ரதீஷ் இரண்டு தடவை பள்ளி வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பழைய போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். புதிய போன் வாங்கவில்லை. வாங்க வேண்டும்தான். கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது இப்போதைக்குப் பிடித்திருக்கிறது.

மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து என் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். அம்மாவிடம் நீங்களே சொல்லி வையுங்கள். வந்து சொல்ல எனக்கு முடியாது.

இதோடு ரேஷ்மிக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஆதிரா


நெய்யூர்
9.8.2024

அன்புள்ள அக்காவுக்கு ரேஷ்மி எழுதுவது.

நீங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டதாக லேபுக்கு வந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். பயணக் களைப்பு தீர்ந்திருக்கும். அத்தைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போய் வருகிறேன்.

மாமா கொண்டுவந்து தந்த உங்கள் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. பத்து நாள் கழித்து, இந்த வாரம்தான் பிரித்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வீட்டில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மாமா அந்தப் போனை என்னிடம் கொடுக்கப் பார்க்கிறார். மூன்று தடவை கேட்டுவிட்டார். அதில் என்னைப் பற்றி உங்கள் தம்பி தேடியது இருக்கும். என்னிடம் அவர் சொன்னது எனக்குத் தெரியும். சொல்லாததை நான் எடுத்துக்கொள்வது முறையில்லை. அழிக்கிற வழி உங்களுக்குத் தெரியும் என்று மாமா சொன்னார். நீங்களே செய்துவிடுங்கள். மாமாவுக்கு மனம் வராது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். நீங்களும் படிக்க வேண்டாம்.

வீட்டில் தக்கலையில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள். ஜூன் மாதமே சரி என்று சொல்லிவிட்டேன். தை மாதம் கல்யாணம். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. மே மாதம் மாமா வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு நான் உங்கள் தம்பியை வெறுத்தேன். வெறுக்கத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் வந்தது. சாப்பிட முடிந்தது. பஸ்ஸில் அவர் விழுந்த இடத்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பாமல் போனேன். தக்கலைக்காரருக்குச் சரி என்று சொன்னதும் அந்தத் தைரியத்தில்தான்.

இப்போது அவர் திரும்பவும் நல்லவராகிவிட்டார். அவர் இறந்து ஆறு மாதம் ஆகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்த வாரம்தான் இறந்திருக்கிறார்.

அதற்காக நாளைக்கு லேபில் லீவு சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு
ரேஷ்மி